தொட்டி மூடி

என் அம்மா குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தார். அங்கே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் விளையாடும் நேரமெல்லாம் அம்மா தொட்டியின் வாய்மேல் பலகையைப் போட்டு, அதில் உட்கார்ந்தே இருப்பார். ஆண்டுதோறும் அவர் சொல்லச் சொல்ல நான் மனு தட்டச்சு செய்தேன். பதிலுக்கு, 'குழந்தைகளின் பாதுகாப்பு நம் கடமை' என்ற சுவரொட்டிகள்தான் வந்தன.

அம்மா இறந்த மறுவாரம், நாங்கள் மனு அனுப்பிவந்த அதிகாரி துக்கம் விசாரிக்க வந்தார்.

"அம்மா படத்தைப் போட்டு ஒரு விழிப்புணர்வு போஸ்டர் அடிக்கலாம்னு இருக்கோம், தம்பி."

"தொட்டிமேல ஒட்டினா புள்ளைங்களைத் தாங்குமா சார்?"

"அதுக்கு வேற டிபார்ட்மெண்ட்ப்பா."

அன்றே இரும்புத் தகடு வெட்டி மூடி பொருத்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. நான் இயந்திரப் பொறியாளன். பதினோரு ஆண்டுகளாக மனுவில் எழுத்துப்பிழை மட்டுமே திருத்தியிருக்கிறேன்.