வேண்டாம் என்று சொல்லி விற்ற உரம்

உரக்கடைக்காரன் ஒருவன் "உரம் வாங்காதீர்கள்" என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், யாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் பட்டுத்தான் தெரிய வேண்டியிருந்தது.

சேரன்மகாதேவி போகிற வழியில் வாய்க்கால் பாலத்தை ஒட்டி என் கடை. பின்னால் வயல், வயல் முடிகிற இடத்தில் குளம். என்னிடம் மூடை வாங்கிப் போகிறவர் அதை எந்த வயலில் வீசுகிறார் என்பது கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரியும். அத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. வயல் என்றால் உரம், உரம் என்றால் நான். அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

துபாயில் இருந்து திரும்பிய என் தங்கை மாப்பிள்ளை, குளத்தில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தார். சம்பாதித்ததையெல்லாம் கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சுமாகத் தண்ணீரில் விட்டார். முதல் வருஷம் தை மாதத்தில் குளம் கீரை வேகவைத்த தண்ணீர் போல ஆனது. ஒரு விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறுவதற்குள் பாதி மீன் செத்துக் கரையோரம் ஒதுங்கிவிட்டது. எவனோ விஷம் கலந்துவிட்டான் என்று மாப்பிள்ளை கத்தினார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். மீன்வளத் துறையில் இருந்து வந்தவர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, விஷமெல்லாம் இல்லை, வயலில் போடுகிற டி.ஏ.பி. மழையில் குளத்துக்கு வந்து பாசியை வளர்க்கிறது, அந்தப் பாசி இராத்திரியில் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கிறது என்றார். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் தொடங்குகிற அடுத்த பிசான நெல் சாகுபடிக்கு முன்னால் மாப்பிள்ளை கடைக்கு வந்தார்.

"மச்சான், ஆளுகள்ட்ட கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா உங்க தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நான் எங்கன போய் நிக்க?"

தங்கை கழுத்தில் அப்போது மஞ்சள் கயிறு மட்டும்தான் மிச்சம். முடியாது என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய வியாபாரி இல்லை. சரி என்றேன்.

சொல்வதற்கு விஷயமும் என்னிடம் இருந்தது. உரக்கடைக்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: டி.ஏ.பி.யில் இருக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் போட்ட வயலில் அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடக்கும். மேலும் மேலும் போட்டால் பயிருக்குப் பிரயோஜனம் இல்லை, மழையில் மண்ணோடு கரைந்து போய்விடும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் அவியல் பிரமாதம் என்பது இதைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது.

ஐப்பசியில் முதல் ஆளாக வந்தவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரிடம் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் குடோனை எட்டிப் பார்த்தார்.

"ஸ்டாக் இல்லையா வே?"

"இருக்கு. உம்ம வயலுக்கு வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"அப்போ விலை ஏறப் போவுதாக்கும்?"

"ஏறலை வே. மண்ணுல ஏற்கெனவே கெடக்கு. குளம் கெட்டுப் போவுது."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று சொல்லிவிட்டு மூடை வாங்காமலே போனார்.

ஒருவரையாவது திருத்திவிட்டோம் என்று நான் டீ வரவழைத்துக் குடித்தேன். பாதி மகானாகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு. டீ ஆறுவதற்குள் வாசலில் கூட்டம். அண்ணாச்சி டி.ஏ.பி.யைப் பதுக்குகிறார் என்று பேச்சு பரவிவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பு ஒரு தட்டுப்பாட்டின்போது குடோனில் வைத்துக்கொண்டே இல்லை என்று கையை விரித்தவன்தான் நான். ஊர் அதை மறக்குமா? ஒரு மூடை போதும் என்கிறவர் மூன்று கேட்டார். வயலே இல்லாதவர் மச்சினனுக்கு என்று வாங்கினார். "தரலேன்னா புகார் குடுத்துருவோம்" என்று வேறு மிரட்டல். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல விற்பனை கூடியது. மற்றவர்கள் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். எனக்கு லாபத்தோடு வைத்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் குடோனைப் பெருக்கும்போது என் மனைவி சொன்னாள்: "இத்தனை வருசமா வாங்குங்க வாங்குங்கன்னு கூவுனதுக்கு, வாங்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம்லா!"

உரத்தை வீசிக் கை காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நிற்காத மழை. வரப்பு தெரியாமல் தண்ணீர் ஏறி, கலங்கலாகக் குளத்துக்கு இறங்கியது. மழை நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்ட உரக்கடைக்காரன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குளம் பெருகி மறுகால் வழியாகத் தாமிரபரணியில் விழுந்தது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் திருச்செந்தூர்ப் பக்கம் வரைக்கும் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். என் வீட்டில் கேன் தண்ணீர். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்ததும் குளம் மறுபடி பச்சையானது. இந்தத் தடவை மாப்பிள்ளை கத்தவில்லை. தங்கையும் அவரும் செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றதும் என் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார். நான் சொல்லித்தான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தவன், குனிந்து மீனை அள்ளினேன். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் அள்ளிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

அதன்பின் மாப்பிள்ளை குத்தகையை விட்டுவிட்டு, குளத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் நிலத்தை விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்து வாழை வைத்தார். ஒருநாள் கடைக்கு வந்தார்.

"மச்சான், ரெண்டு மூடை டி.ஏ.பி. போடுங்க."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நான் சொல்வது புரிகிற ஒரே ஆள் வந்திருக்கிறார்.

"அந்த மண்ணுக்கு வேண்டாம், மாப்ள. உங்களுக்குத் தெரியாததா?"

"மீன்தான் போச்சு. வாழையும் போனா யாரு பதில் சொல்லுவா?" என்றார். பிறகு கடையில் நின்ற மற்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"எனக்குமா மச்சான் இல்லைங்கீய? உள்ள இருந்தா பைய எடுத்துத் தாங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு மூடையையும் நானே தூக்கிக்கொண்டு போய் அவருடைய வண்டியில் வைத்தேன்.