கடைசிப் பெட்டி மண்

ஸ்காட்லாந்திலிருந்து மகள் வீடியோவில் அழைத்தாள். ரோமானியர் எழுப்பிய எல்லை அரணின் மிச்சம், புல் மூடிய மண்மேடாக அவளுக்குப் பின்னால் நீண்டு கிடந்தது.

“ரெண்டாயிரம் வருசமா யாரும் கைவைக்கலம்மா.”

“ஏளா, ஆயிரத்துத் தொள்ளாயிரம்கூட ஆகல” என்று திருத்தினேன். அதற்குள் என் உள்ளங்கையில் ஈரமண் ஒட்டியது போலிருந்தது.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரிலும் பழைய மண்கோட்டையின் மேடு ஒன்று இடுப்பளவுக்கு இருந்தது. வைக்கோல் போட்டு மிதித்த மண். காய்ந்தாலும் வெடிக்காது. பொங்கலுக்கு முன் சுவர் பூச ஊரே அங்கேதான் மண் எடுக்கும். ஒன்பது வயதில் நானும் அம்மாவோடு ஓலைப்பெட்டி சுமந்தேன்.

“எம்மா, இது கோட்டைச் சுவராம். பாடத்துல இருக்கு.”

“பீரங்கிக்கு நின்ன சுவரு நம்ம வீட்டுக்கு நிக்காதா? அள்ளுளா” என்று அம்மா சிரித்தாள்.

தெரிந்தேதான் அள்ளினேன். அந்த வருடம் மேடு தரைமட்டமானது. கடைசிப் பெட்டியை நான்தான் சுரண்டி நிரப்பினேன். பிற்பாடு ஊர் வரலாறு எழுதியபோது, ‘மேடு மழையில் கரைந்தது’ என்று எழுதி வைத்தேன்.

“நம்மூரு மேடு எப்பம்மா போச்சு? நீ எழுதிருப்பியே” என்றாள் மகள்.

வருடம், மாதம், கிழமை எல்லாம் நினைவிருந்தது.

“மழையில…” என்று தொடங்கி நிறுத்தினேன்.

“மழையில்லளா. நாங்கதான் அள்ளுனோம்.”