அவர் பறிக்க வேண்டிய எலுமிச்சை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கல்வராயன் மலையில் கஞ்சா பயிரிட்ட குடும்பம் என்று தெரிந்துவிடுமே என்கிற வெட்கம்தான். இப்போது வெட்கத்தைவிட ஏக்கம் ஜாஸ்தியாகிவிட்டது. அம்மன் பார்த்துக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் மரவள்ளிக்கு நடுவில் மறைவாக அந்தச் செடியை வளர்த்தார். கீழேயிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, அதை விட்டால் எலுமிச்சைக் கன்றும் ஆடும் தருவதாகச் சொன்னார்கள். அவரே பிடுங்கி எரித்தார். கன்று நட்ட அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து கற்பூரம் ஏற்றினார்.

"காய்க்க மூணு வருஷமாம். அதுவரிக்கும் இன்னாத்த துன்றது? கேரளாவுக்கு மொளவு பறிக்கப் போறேன். பூ வெச்சா சொல்லி அனுப்பும்மே, வந்துடறேன். மொதக் காய நான்தான் பறிச்சி அம்மனுக்கு வெப்பேன்."

"கன்னையும் குடுத்து, அத மேய ஆட்டையும் குடுத்துக்கீறாங்க. ரெண்டுத்தையும் நான் ஒருத்தி எப்டிங்க பாக்கறது?" என்றேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

நான் பயந்தபடியே ரெண்டு கன்றை ஆடு மேய்ந்துவிட்டது. மற்றதெல்லாம் பூத்தது. அவருடைய போன் தொலைந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் வேலைக்குப் போன எங்கள் ஊர்க்காரரிடம், "பூ வெச்சிடுச்சி, ரெண்டுதான் ஆடு மேஞ்சிடுச்சி, அவர வரச் சொல்லுண்ணா" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த அண்ணனால் நேரில் பார்க்க முடியவில்லை. இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வேறொருவரிடம். கடைசியில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது, "ஆடு மேஞ்சி கன்னெல்லாம் போச்சி" என்பதுதான். "இருந்ததையும் புடுங்கிப் போட்டேனே, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு அந்த மிளகுத் தோட்டத்தை விட்டே போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மற்ற மரத்துக் காயெல்லாம் கள்ளக்குறிச்சிக்குப் போகிறது. அவர் முதலில் நட்ட மரத்தில் மட்டும் நான் கை வைப்பதில்லை. பழுத்துத் தானாக விழுகிறது. போட்டோ எடுக்க வந்த நிறுவனத்துப் பெண், "ஒண்ணு பறிச்சிக் கையில வெச்சிக்கினு நில்லுங்கம்மா" என்றாள்.

"இது வேணாம் பாப்பா. அந்தாண்ட மரத்துல பறிச்சிக்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, "உனக்கு வெக்கிறேன்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க தாயே" என்று கேட்டுக்கொள்கிறேன்.

படிக்கிறவர்கள் எங்காவது மிளகுத் தோட்டத்தில் எங்கள் மலைக்காரரைப் பார்த்தால் இதை அப்படியே சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஒன்றும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ரெண்டு கன்றுதான் போனது. மற்றதெல்லாம் காய்க்கிறது.