இரண்டு பெல்ட் இஸ்ரவேல்

17.4.2009. 12 கி.மீ. புது டீசல் கார் வந்தது.
2.12.2014. 61,340. இரண்டு பெல்ட்டும் புதிது.
9.1.2019. 1,18,905. டைமிங் பெல்ட் மட்டும்.
23.2.2019. 1,20,412. பம்ப் பெல்ட் அறுந்தது. நஞ்சன்கூடு சாலை. மூன்று மணி நேரம்.
6.4.2024. 1,79,866. இரண்டும். நானே.

காப்பி குடிக்கும்போதும் இஸ்ரவேல் ஸ்பேனரைக் கீழே வைப்பதில்லை. வயது அறுபத்தாறு. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓடியவர், ஓய்வு பெற்றபின்னும் நிற்கவில்லை. குடும்ப ஜெபத்தின் நடுவே எழுந்து போய் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுவிட்டு வருவார். "ஒன்னே ஒன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்பார். அந்த ஒன்று முடிந்ததே இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் எஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு, டீசல் பம்ப்பைச் சுழற்றும் சின்ன பெல்ட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். அது நடுச்சாலையில் அறுந்தது. மனைவி ஜேன் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இன்னொருவர் கை அந்த எஞ்சினில் பட்டதில்லை.

இந்த ஏப்ரலோடு வண்டிக்குப் பதினைந்து வயது முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க எட்டாம் தேதி தகுதிச் சோதனை. ஆய்வாளர் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் புகையை அளப்பார். அந்த மிதியில் பழைய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். புதிய பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் கரும்புகைதான். தேறாவிட்டால் காயலான் கடை. ஜேனுக்கு இரண்டு மூட்டும் போய்விட்டன. பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் காலை மடக்க முடியாது. ஆலயத்துக்கும் தங்கை வீட்டுக்கும் இந்த வண்டியின் முன்சீட்டுதான் வழி.

எதிர்வீட்டுப் பாலன் மின்சார ஆட்டோ ஓட்டுபவர். "என் வண்டில பெல்ட்டே இல்ல அங்கிள். சும்னே டென்ஷன் ஆவுறீங்க" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

"பாதி வழில சார்ஜ் எறங்கட்டும், அப்ப பேசு."

சனிக்கிழமை காலை 6.40-க்கு எஞ்சினின் பெல்ட் மூடிகளைக் கழற்றினார். உள்ளே பதினைந்து ஆண்டுக் கசடு. பெல்ட் ஓடும் மூன்று பற்சக்கரங்களிலும், புதியதை அதே இடத்தில் உட்காரவைக்க, வைட்னரால் ஒவ்வொரு புள்ளி வைத்து, பழைய பெல்ட்டுகளை எடுத்தார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையைச் சுழற்றினால் கரகரத்தது. புதியது வாங்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்கு நடந்தார். போக வர ஐம்பது நிமிடம்.

ஜேனுக்கு அழுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்.

திரும்பி வந்த இஸ்ரவேல் அசையாமல் நின்றதைத் தெரு அன்றுதான் பார்த்தது.

"புள்ளி எங்க, ஜேன்?"

"வெள்ளையா ஏதோ ஒழுகியிருந்துச்சு. தொடச்சிட்டேன். சின்னச் சக்கரத்துக்கு அடியிலயும் அழுக்கு. அதான் ஸ்வல்ப சுத்திவிட்டுத் தொடச்சேன்."

அவர் வண்டியை நான்கு முறை சுற்றினார். தெருமுனை வரை போய்த் திரும்பினார். பாலன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜேன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு கோடு இருக்கே. நீங்க போட்டதா?"

சக்கர விளிம்பில் நகக்கீறல் போல ஒரு வெட்டு. மற்ற இரண்டிலும் அதேபோல். வண்டி செய்தவர்களே வைத்த அடையாளம். காலையில் எவ்வளவு சுரண்டியும் கசடுக்கு அடியில் அவருக்கு அகப்படாதது. டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டும், கழற்றியும் பார்த்தார். அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, மூன்று கோடுகளையும் இன்னொரு தடவை துடைத்தார்.

கோட்டுக்கு நேரே கோடு நிறுத்தி, இரண்டு பெல்ட்டுகளையும் மாட்டினார். எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிச் சரிபார்க்கச் சொல்கிறது புத்தகம். அவர் பதினொன்று சுற்றினார். வேலை 2.10-க்கு முடிந்தது. 4.35 வரை சாவியைத் தொடவில்லை. கை கழுவுவார், போல்ட்டைத் தொடுவார், மறுபடி கழுவுவார்.

ஜேன் புடவை மாற்றி, கைப்பையோடு வந்து, கதவைப் பிடித்து முன்சீட்டில் ஏறினார்.

"நான் ஏறிட்டேங்க. மறுபடி எறங்க என்னால ஆவாது. உள்ள ஆண்டவர் பாத்துக்குவார், நீங்க சாவியத் திருப்புங்க."

மூன்றாம் முறை பிடித்தது. நாற்பது நொடி காது கொடுத்தார். அணைத்தார். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். ஜேன் சீட்டில் அப்படியே இருந்தார்.

திங்கட்கிழமை ஆய்வாளர் மூன்று முறை மிதித்தார். மூன்று முறையும் இஸ்ரவேல் மதிற்சுவரைப் பார்த்து நின்றார். புகை அளவுக்குள்தான் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த பதிவுக் கடிதம் வீட்டுக்கே வரும் என்றார்கள்.

தபால்காரர் அதைக் கொண்டுவந்தபோது பானெட் திறந்திருந்தது. இஸ்ரவேலின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை எஞ்சினுக்குள். அவற்றை வெளியே எடுக்காமல், மார்பை மட்டும் தபால்காரர் பக்கம் திருப்பி, சட்டைப்பையைக் காட்டினார். கடிதம் அதற்குள் போன தேதி 2.5.2024, வியாழன்.