மெத்தையக்காவும் மாவில்லா டயட்டும்

முதியோர் இல்லத்தில் ஆள் தூக்கும் வேலை பார்க்கும் அவளுக்கு மெத்தையக்கா என்று பெயர் வைத்தவர், அங்கே தங்கியிருக்கும் கணக்கு வாத்தியார். வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன, கனத்த உடம்புக்காரர். ஒரு நாள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அவள் தோளில் தலையைச் சாய்த்து, "இப்படியே தூங்கிடலாம் போல இருக்கு" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

சிரிக்க முடியாதது அவள் முழங்கால். எட்டுக் கிலோ குறைந்தால்தான் ஆபரேஷன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் ஆகாத காலோடு ஆள் தூக்கும் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மேட்ரன் சொல்லிவிட்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட மெத்தையக்காவோ வேறு தொழில் தெரியாதவள்.

ஆள் தூக்குவது இரண்டு பேர் வேலை. அவளுக்கு ஜோடி, எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் பெண். இந்தச் சின்னவள்தான் மாவில்லா டயட்டில் இருந்தாள். அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை எதையும் தொடக்கூடாது. முட்டை, இறைச்சி, வெண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சின்னவளின் சீருடை இடுப்பில் தொளதொளத்து ஊக்கு குத்தும் நிலைக்கு வந்திருந்தது.

மெத்தையக்கா முட்டையும் வெண்ணெயும் வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டாள். ஆனாலும் தொடங்கவில்லை. நோயாளிக்குப் புதிதாக எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு ஸ்பூன், பிறகு ஆளைக் கவனி என்பது அவள் கை பழகிய முறை. இங்கே ஸ்பூன் ஏற்கெனவே ஒருத்தி வாயில் போயிருக்கிறது. அவளைப் பார்த்தால் போதும்.

போர்வை மடிக்கும் அறையில் வைத்துக் கேட்டாள். "வெளிக்கு ஒழுங்காப் போறியா?"

"அய்யோ அக்கா, நான் என்ன உன் நோயாளியா?"

"பதில் சொல்லுடி."

"கொஞ்சம் கஷ்டந்தான். தண்ணி நிறையக் குடிக்கிறேன்."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"எழுந்து நின்னா கண்ணு இருட்டுதா?"

"இல்லயே" என்றாள் சின்னவள், கேள்வி முடிவதற்குள்.

"போன் வீடியோல இந்த டயட்டப் பத்திப் பேசுறானே அந்த ஆளு, அவன் மாத்திரையப் பத்தி என்ன சொல்றான்? நீ பிரஷருக்குப் போடுற, நான் சுகருக்குப் போடுறேன்."

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

கீழே விழுந்த தலையணை உறையைக் குனிந்து எடுத்து நிமிர்ந்த சின்னவள், ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மெத்தையக்கா பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. அந்த டயட் நல்லதாக இருக்கவேண்டுமே என்ற ஆசை அவள் வாயை அடைத்துவிட்டது. நாளைக்குத் தொடங்கிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாத்தியாரை எழுப்பினார்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வாத்தியார் எழுந்தார். திரும்பும்போது மறுபக்கம் திடீரென்று இறங்கியது. சின்னவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அக்கா, கண்ணு..." என்றபடி பட்டையை விட்டுவிட்டுச் சுவரோடு சரிந்தாள்.

முழுப் பாரமும் மெத்தையக்கா மேல். நாற்காலி எட்டவில்லை. கட்டில் பின்னால் ஓர் அடி. முழங்காலுக்குள் எதுவோ நறுக்கென்றது. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் மனிதர் எழுந்திருப்பது சந்தேகம் என்று அவளுக்குத் தெரியும். கத்தினால் அவர் பயந்து விறைப்பார். விறைத்தால் இரண்டு பேரும் கீழே.

"வாத்தியாரே, என்மேல சாயுங்க. முழுசா."

சாய்ந்தார். ஒற்றைக் காலை ஊன்றி, அவரை மார்போடு அணைத்தபடி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வாத்தியார் அவள் மடியில்.

"பேரு வச்சது வீண் போகல" என்றார் வாத்தியார்.

"பேச்சக் கொறைங்க. மணிய அடிங்க."

ஓடி வந்த நர்ஸ் வாத்தியாரையும் சின்னவளையும் படுக்கவைத்துவிட்டு, சின்னவளுக்குப் பிரஷர் பார்த்தாள். தரைமட்டம். உடம்பு வற்றிக்கொண்டிருக்க, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது.

"ஒரு வாரமா இருட்டுதுக்கா. சொன்னா நீ டயட்ட ஆரம்பிக்க மாட்டே, ஆபரேஷன் நடக்காதேன்னு..." என்று அழுதாள் சின்னவள்.

"நானும் நேத்தே பாத்தேன். சொல்லல. அழாம உப்புத் தண்ணியக் குடி."

அன்று மாலையே மெத்தையக்கா தன் மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிச் சுகர் டாக்டரிடம் போனாள். அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டர், "இது சர்க்கரையக் கீழ தள்ளுற மாத்திரை. இதையும் போட்டு, மாவையும் மொத்தமா நிறுத்தியிருந்தா நீங்கதான் விழுந்திருப்பீங்க" என்றார். மாத்திரையை மாற்றினார். சோற்றைப் பாதியாக்கினார், நிறுத்தவில்லை. அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

"எட்டுக் கிலோ எப்போ போகும்?"

"மெதுவா. முதல்ல சரசரன்னு இறங்குறது பெரும்பாலும் தண்ணிதான். அதப் பாத்து ஏமாறாதீங்க."

மேட்ரனிடம் அவளே போய் ஆறு மாதம் அவகாசம் கேட்டாள். "அதுவரைக்கும் வாத்தியாரை யார் தூக்குறது?" என்றாள் மேட்ரன். "மூணு பேரா தூக்குறோம்." மேட்ரன் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அன்று காலை வாத்தியாரின் இடுப்பு எப்படித் தப்பியது என்று இல்லத்துக்கே தெரியும். ஆறு மாதம் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வதற்கு முன் மெத்தையக்கா எதிரில் நிற்பவளைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கிறாள். "சாப்பிட்டியா?"

சின்னவள் தலையாட்டினால் போதாது. என்ன சாப்பிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். வாத்தியார் பட்டையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறார்.