சகலை வீட்டு நடு ஸ்பீக்கர்

என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, 2008 வாக்கில் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு ஹோம் தியேட்டர் கொண்டுவந்து, குலசேகரத்தில் கட்டிய புது வீட்டில் வைத்தான். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. என்னிடமும் செட் இருந்தது. நாகர்கோவிலில் அசெம்பிள் செய்து வாங்கியது. இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. அவனுடையதில் கூடுதலாக, டிவிக்கு நேர் கீழே, வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் நீளவாக்கில் படுத்திருந்தது. அதற்குப் பூப்பின்னல் விரிப்பு வேறு.

"அது தண்டம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தா பேச்சு தானா நடுவில வந்து நிக்கும்" என்று கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். பொய்யில்லை. என் வீட்டில் எனக்கு அப்படித்தான் கேட்டது.

ஆனால் மாமனார் கட்சி மாறிவிட்டார். மாமியார் இறந்தபிறகு, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு, என்னோடு ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் போவார். அப்பா இல்லாத எனக்கு வாரத்தில் அந்த மத்தியானம் ஒன்றுதான் ருசி. இப்போது அவர் சர்ச் வாசலிலேயே குலசேகரம் பஸ் ஏறினார். சகலை லீவு முடிந்து போன பிறகும் ஏறினார். ஊரிலேயே இல்லாதவன் என்னை ஜெயித்துக்கொண்டிருந்தான்.

"அவருக்குக் காது மந்தமாயிட்டு" என்றேன் மனைவியிடம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நடுவில நீங்கல்லா இருக்கிய? அப்பா இருக்க சன்னலு பக்கம் கிட்ட இருக்க ஒத்த ஸ்பீக்கர் சத்தந்தான் காதுல அடிக்கும். பேச்சு ஒண்ணும் வெளங்காது."

கிறிஸ்துமஸுக்கு மாமனார் வந்தபோது என் பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பதறிப்போனார்.

"மருமோன் இருக்க எடத்துல நான் இருக்கதா? கொள்ளாமே, நல்ல கதை!"

வேறு நாற்காலியை நடுவில் போட்டுப் பார்த்தேன். நடுவிடமே வீட்டுக்காரனுக்குத்தான் என்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தண்டம் என்று ஊரெல்லாம் சொன்ன அதே சாமானை நாகர்கோவிலில் போய் வாங்கினேன், சகலையுடையதைவிட ஒரு சாண் நீளமாக. ஆம்பிளிஃபயரில் அதற்கு இடம் முன்பே இருந்தது. ஒயரை நானே மாட்டினேன். மனைவி விரிப்பு எடுத்து வந்தாள். போட விடவில்லை.

அந்த ஞாயிறு மாமனாரைச் சர்ச் வாசலிலேயே பிடித்து ஸ்கூட்டரில் ஏற்றி வந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் படம் ஓடியது. ஜன்னலோரம் இருந்தபடியே, ஒரு வசனத்துக்கு எனக்கு முந்திச் சிரித்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சற்று நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"இப்பம் ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குது மருமோனே. எளைய மருமோன் வாங்கி அனுப்பினாரா?"