தண்ணீர் குடிக்கப் பயந்திருந்த என்னைக் கர்த்தர் கண்டார்

பிரியமான சகோதரிகளே, நான் சொல்லப்போகிற காரியம் சபையில் யாரும் எழுந்து நின்று சொல்கிற காரியம் அல்ல. கேட்கிற உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். சொல்கிற எனக்கும்தான். ஆனாலும் உங்களில் எத்தனை பேர் இதே வேதனையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ தெரியாது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு மலச்சிக்கல் இருந்தது. பல வருஷமாக இருந்தது.

அறுபதுகளின் கடைசிக் காலம் அது. பிள்ளையார்பாளையத்தில் பல குடும்பங்கள் சேர்ந்திருக்கிற ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. நான் தாமல் ஏரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். விடிவதற்கு முன்னால் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்குத் தலை வாரி, முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அந்த ஸ்டோரில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். காலையில் ஆம்பிளைகள் செம்போடு வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நிற்க என்னால் முடியாது. என் முறை வருவதற்குள் பஸ்ஸும் போய்விடும். அடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸே கிடையாது. மற்ற இரண்டு வாத்தியார்களும் ஏரிக்கரைப் பக்கம் போய் வருவார்கள். நான் ஒருத்திதான் பெண். கரையில் எந்நேரமும் மாடு மேய்க்கிறவர்களும் வலை வீசுகிறவர்களும் இருப்பார்கள். நான் எங்கே போவேன்? ஆகவே காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு திரும்புகிறவரை தண்ணீரே குடிக்காமல் பழகிக்கொண்டேன். பங்குனி வெயிலிலும் அப்படித்தான். தொண்டை காய்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் குரல் வராது. மதியச் சோற்றையும் பாதியோடு மூடிவைத்துவிடுவேன்.

வயிறு கல்லாகக் கிடக்கும். புளித்த ஏப்பம் வரும். நெஞ்சு எரியும். சனிக்கிழமை வந்தால் விளக்கெண்ணெய் குடிப்பேன், இல்லாவிட்டால் கடையில் விற்கிற பேதி மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கால் நடுங்க நிற்பேன். திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. அந்த நாட்களை நினைத்தால் வலியைவிடக் களைப்புதான் ஞாபகம் வருகிறது. எழுந்திருக்கும்போதே களைத்திருப்பேன்.

பிறகு ரத்தம் வர ஆரம்பித்தது.

என் அம்மா வயிற்றில் கட்டி வந்து இறந்தவள். அவளுக்கும் முதலில் இப்படித்தான் வந்தது. எனக்கும் அதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மூத்தவளை உட்காரவைத்துத் தங்கைக்குச் சடை பின்னக் கற்றுக்கொடுத்தேன். "ஏம்மா, நீ பின்ன மாட்டியா?" என்று கேட்டாள். ரிப்பனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

சிலுவைப்பாடுகளை நினைத்து உபவாசம் இருக்கிற லெந்து காலம் வந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னேன். சகோதரிகள் என் தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார்கள். நானும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் உபவாசம் இருந்தேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கவும் தெம்பு இல்லை.

ஒரு சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சோறு பொங்கி வழிந்தது. எழுந்து பானையை இறக்க உடம்பு வரவில்லை. அப்போது வாய்விட்டே சொன்னேன். "ஆண்டவரே, எனக்குப் போக ஓர் இடம் இல்லை. தண்ணீர் குடிக்கப் பயமாயிருக்குது. ரத்தம் வருது. இதை நான் யார்கிட்ட சொல்வேன்?"

அவ்வளவுதான். ஸ்தோத்திரமும் இல்லை, ஆமென்னும் இல்லை. இவ்வளவு காலமும் இந்த வார்த்தைகளை நான் ஜெபத்தில் சொன்னதே இல்லை. பரிசுத்தமானவரிடம் கக்கூஸைப் பற்றிப் பேசலாமா என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், கையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு, கதவோரம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இன்னா கிரேசு? யாருக்கு ரத்தம் வருது?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பானையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். பிறகு, "இத்தினி நாளா பக்கத்துல படுத்துக்கினு இருக்கேன். எங்கிட்ட சொல்லாம எப்படிம்மா இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே லேடி டாக்டர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. கட்டி எதுவும் இல்லை. மூலம். மலம் இறுகி இறுகிப் புண்ணாகியிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"புண் ஆற மருந்து தர்றேன். ஆனா மருந்தைவிட உங்க பழக்கம்தான் மாறணும். வாரா வாரம் பேதிக்குச் சாப்பிடறதை விட்டுடுங்க. தண்ணி நிறைய குடிங்க. கீரை, காய், பழம் தினமும் சேருங்க, காரத்தைக் குறைங்க. எல்லாத்தையும்விட முக்கியம், வர்றப்ப அடக்கக் கூடாது."

"எங்கே போறது டாக்டர்?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லையேம்மா."

கட்டி இல்லை என்ற சந்தோஷத்தில் வீடு வந்து அழுதேன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் ஸ்டோர் ஆம்பிளைகளிடம் பேசினார். "காலைல பொம்பளைங்க மொதல்ல போவட்டும்பா. நாம அப்பால நிக்கலாம்." ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அடுப்பு மூட்டுகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். எழுந்ததும் வெந்நீர் குடித்தேன். கொஞ்ச நேரம் அவசரப்படாமல் உட்கார எனக்கு நேரம் கிடைத்தது. காலையில் மோர் விட்ட பழைய சோறு, மதியத்துக்கு முருங்கைக்கீரையோ வாழைத்தண்டோ, ராத்திரி ஒரு வாழைப்பழம். மிளகாய்த் துவையலை விட்டேன். அதை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பள்ளிக்கூடம் அப்படியேதான் இருந்தது. டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடித்தேன். மத்தியானத்துக்குமேல் தாங்க முடியவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையில் ஆட்கள் இருந்தார்கள். "ஆண்டவரே, பாரும்" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வைக்கோல் எடுக்க வந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

"இன்னா டீச்சர், மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போயிருக்குது?"

சொல்லிவிட்டேன். அவர் வைக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எந்தச் சேரியில் பிறந்து படித்து வந்தவள் என்பது அந்த ஊருக்கே தெரியும். அந்த வீட்டு வாசற்படியை என் ஜனங்கள் மிதித்ததில்லை. சொன்னது தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்னால் கன்னியம்மா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்.

"டீச்சர், பின்னால வைக்கோப்போர் வழியா வா. எங்க பொம்பளைங்களுக்குக் கீத்து மறைப்பு கட்டி வச்சிருக்குது. தண்ணி மொண்டு வச்சிருக்கேன்."

"வீட்டில் ஏதாவது சொல்ல மாட்டாங்களாம்மா?"

"சொன்னாங்க. என் மாமியா ராவெல்லாம் சொன்னா. எம் பொண்ணுக்கு எழுத்து சொல்லித் தர்ற மவராசி, அடக்கிக்கினு சாவணுமான்னு கேட்டேன். வாயை மூடிக்கினா."

நான் அந்த இடத்திலேயே அழுதேன். "சீ, இதுக்கு யாராவது அழுவாங்களா, போ டீச்சர்" என்று விரட்டினார்.

முழுவதையும் சொல்ல வேண்டும். எனக்கு வைத்த செம்பு தனிச் செம்பு. அது கடைசிவரை தனியாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த வேதனையையும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கன்னியம்மா திறந்த வழியை நான் சின்னது என்று சொல்ல மாட்டேன்.

மாதங்கள் போகப் போகப் புண் ஆறியது. ரத்தம் நின்றது. ஒரே நாளில் நடந்த அற்புதம் இல்லை. நடுவில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்ப அவஸ்தைப்பட்டதும் உண்டு. இன்றைக்கும் ஓட்டமும் வேலையும் அப்படியேதான். சாயங்காலம் ஆனால் கால் கடுக்கிறது. ஆனால் சாவைப் பற்றிய பயம் போய்விட்டது. பிள்ளைகளின் முகத்தைப் பயமில்லாமல் பார்க்கிறேன்.

சகோதரிகளே, நான் அழகான வார்த்தைகளில் கேட்டதற்கு எனக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன நாளில் ஆண்டவர் அதை என் புருஷன் காதில் விழவைத்தார். டாக்டரைக் கேள்வி கேட்கவைத்தார். தம்மை அறியாத ஒரு வீட்டுப் பெண்ணின் இருதயத்தை அசைத்தார். நம் உடம்பைப் படைத்தவருக்கு உடம்பைப் பற்றிக் கேட்கக் கூச்சம் இல்லை.

உங்களுக்கும் இப்படி இருந்தால் மறைக்காதீர்கள். அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள். ரத்தம் கண்டால் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாகப் போகப் பயமாயிருந்தால் நான் கூட வருகிறேன். இப்போது கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் பானையில் தண்ணீர் இருக்கிறது. எல்லாரும் வயிறாரக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.